நாற்பத்தோராவது பாத்தி

தோட்டத்துக்கும் வீட்டுக்கும் தண்ணீர் விடுகிற பொறுப்பைச் பேசும் சொட்டுநீர்ப் பாசனப் பெட்டியிடம் ஒப்படைத்த அன்று, அது எத்தனை பாத்தி, என்ன பயிர் என்று கேட்டது.

"நாப்பது பாத்தி. சின்ன வெங்காயம்," என்றார் அங்கமுத்து.

"இவரையும் சேத்துக்க. இவரும் ஒரு வெங்காயந்தான்," என்றாள் மனைவி தனக்கொடி.

பெட்டிக்குக் கேலி தெரியாது, சேர்த்துக்கொண்டது. அன்றிலிருந்து அங்கமுத்து குளிக்கக் காலையில் நான்கே லிட்டர். மழை பெய்தால் அதுவும் கிடையாது. மனிதர் பழகிக்கொண்டார்.

மகளின் நிச்சயதார்த்தத்தன்று, தலை நிறைய ஷாம்பு நுரையோடு அவர் நின்றபோது குழாய் நின்றுபோனது.

"நேத்து மத்தியானம் நாற்காலியில உங்க தலை சாஞ்சிருச்சு," என்றது பெட்டி. "தாள் சாஞ்சா வெங்காயம் முத்திருச்சுன்னு அர்த்தம். அறுவடைக்குப் பத்து நாளைக்கு முன்னாடியே தண்ணிய நிறுத்திரணும்."

வாசலில் சம்பந்தி வீட்டுக் கார் வந்து நின்றது.

"தனம், நான் வெங்காயம் இல்லேன்னு நீயே அதுகிட்டச் சொல்லு," என்று கெஞ்சினார்.

தனக்கொடி பெட்டியைப் பார்த்தாள். நுரை வழிய நின்றவரையும் ஒருமுறை பார்த்தாள்.

"நல்ல நாளும் அதுவுமா எப்படிங்க பொய் சொல்றது?"