ஏரிக்கடியில் ரீல் தூண்டில்

இந்தக் கதையை எனக்குச் சொன்னவரும் யாரோ சொல்லக் கேட்டவர்தான்.

பெரிய மீன் ஒன்று இழுத்த இழுப்பில், புத்தம்புது ரீல் தூண்டில் படகிலிருந்து ஏரிக்குள் விழுந்தது. சேற்றில் கிடந்த அதை ஒரு நண்டு சுற்றிவந்து பார்த்தது.

"அண்ணே, இதுவரை எத்தனை மீன் பிடிச்சீங்க?"

"இப்ப இழுத்துச்சே, அது ஒண்ணுதான்."

"அப்ப மீன்தானே உங்களைப் பிடிச்சிருக்கு!"

அதற்குள் படகுக்காரர் மூங்கில் தூண்டிலின் முள்ளை இறக்கித் துழாவினார். "அண்ணே, பிடிச்சுக்குங்க!" என்று மேலிருந்து மூங்கில் கத்தியது.

ரீல் தூண்டில் நகர்ந்து படுத்தது. போயும் போயும் ஒரு மூங்கில் குச்சியா தன்னைத் தூக்குவது? துடுப்பும் மீன்கூடையும் பார்த்துச் சிரிக்குமே!

"படகு கிளம்பப் போகுது. அப்புறம் ஆயுசுக்கும் என்கூடத்தான்," என்றது நண்டு.

ரீல் தூண்டில் வேண்டாவெறுப்பாக முள்ளில் மாட்டிக்கொண்டது. கனம் தாங்காமல் மூங்கில் படகுக்காரரின் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"வரட்டும், அவனும் வரட்டும்!" என்று ரீல் தூண்டில் குஷியாகப் பக்கத்தில் இடம் ஒதுக்கியது. மூங்கில் வரவேயில்லை, மேலேயே மிதந்தது. படகுக்காரர் அதை எட்டிப் பிடித்து இழுக்க, நூலோடு ரீல் தூண்டிலும் படகேறியது.

சேறு சொட்டச் சொட்ட அது துடுப்பிடம் சொன்னது: "பாவம், தம்பி தண்ணியில விழுந்துட்டான். அதான் கூடவே இருந்து கரை சேர்த்தேன்."

எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. ஒரு மூங்கில் துண்டை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். மிதக்கத்தான் செய்கிறது.