என்ஜினைப் போட்டது யார்

படகில் இருந்தவர்கள் நான்கே பேர். நான், படகுத்துறை நடத்தும் என் நண்பர், அவருடைய மகள், அவளுக்குப் பேசியிருந்த பையன். ஐந்தாவதாக ஓர் ஆள் கிடையாது. ஆனால் கூடவே உட்கார்ந்து பார்த்ததுபோல் இன்று ஊரே பேசுகிறது.

அதனால்தான் வாயைத் திறக்கிறேன்.

அன்றைக்குப் பேச்சை முடித்துவிடுவதாக ஏற்பாடு. கரையில், நண்பர் வீட்டு மாடியில், இரண்டு வீட்டுப் பெண்களும் காத்திருந்தார்கள். நாங்கள் மீனோடு திரும்ப வேண்டும். சாப்பிட்டு எழுந்ததும் கல்யாணத்துக்கு நாள் குறிக்க வேண்டும்.

"வெறுங்கையோட போனா என் பொண்டாட்டி நம்ம ரெண்டு பேரையும்தான் பொரிப்பா, அண்ணே," என்றார் நண்பர்.

அவர் படகின் மூக்கில் இருந்தார். பின்னால், என்ஜின் பிடியில் மகள். நடுவில் நானும் பையனும். அவனிடம் புதுத் தூண்டில், புதுக் கறுப்புக் கண்ணாடி.

நடு ஏரியில் ஆலாக்கள் விழுந்து விழுந்து எழுவதை முதலில் கண்டவள் அவள்தான். பறவைகளுக்குக் கீழே தண்ணீர் கொதித்தது. கொடுவா மீன்கள் பொடிமீன் கூட்டத்தை அடியிலிருந்து நெருக்கி மேலே கொண்டு வந்திருந்தன. கீழே கொடுவா, மேலே ஆலா. பொடிமீன்கள் போக்கிடமில்லாமல் கொத்துக் கொத்தாகத் துள்ளின.

அந்த ஏரியில் தூண்டில் போடும் எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்கு ஒன்று உண்டு. எட்ட இருக்கும்போதே என்ஜினை அணைத்துவிட வேண்டும். மிச்ச தூரத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். தூண்டிலில் கட்டிய பொய்மீனைக் கூட்டத்தின் நடுவே எறியக் கூடாது. ஓரத்தைத் தாண்டி எறிந்து, கொஞ்சம் அமிழவிட்டு இழுக்க வேண்டும். பெரிய கொடுவாக்கள் அங்கேதான், அடிபட்டு விழுகிற மீனுக்காகக் காத்திருக்கும். என்ஜினோடு உள்ளே நுழைந்தால் எல்லாம் ஒரே நொடியில் முங்கிவிடும்.

பையனுக்கும் இது தெரியும். தெரியாமல் செய்துவிட்டான் என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். பல் முளைக்கும் முன்பே படகில் ஏறியவன் அவன்.

அவள் சரியான இடத்தில் என்ஜினை அணைத்தாள். காற்றும் சரியாக இருந்தது. நண்பர் எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, ரீலில் சிக்கிய தூண்டில் நரம்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

பையன் எறிந்தான். எட்டவில்லை. மறுபடியும் எறிந்தான். எட்டவில்லை. எழுந்து பின்பக்கம் போனான்.

"கிட்டப் போ," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"காத்துதான் கொண்டுபோகுதே. கொஞ்சம் சும்மா இருங்க."

ஆலாக்களின் கூச்சலில் பக்கத்திலிருந்த எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்புதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. அவள் கையைத் தட்டிவிட்டான். என்ஜின் கயிற்றை இழுத்தான். பிடியை முழுக்கத் திருகினான்.

படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தது.

அடுத்த மூச்சில் ஏரி ஒன்றும் அறியாததுபோல் கிடந்தது. ஆலாக்கள் வைதுகொண்டே மேலே போயின. தண்ணீரில் கொஞ்சம் செதில்கள் மிதந்தன. அவ்வளவுதான்.

முழங்கால் அடிபட விழுந்த நண்பர் எழுந்து திரும்பினார். அதற்குள் பையன் என்ஜினை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். பிடியருகே அவள் மட்டும்தான் இருந்தாள்.

"யாரு என்ஜினப் போட்டது?"

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன், மாமா. உங்க பொண்ணுக்கு அவசரம்."

மீன் போனதில் எனக்குக் கோபமில்லை. மீன் இன்று போகும், நாளை வரும். எங்கள் குடும்பத்தில் கைக்கு வந்த மீனைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். படகையே கவிழ்த்தவர்கள் இருக்கிறார்கள். தான் கெடுத்ததை அடுத்தவர் தலையில் கட்டியவன் ஒருவனும் கிடையாது.

பையன் என்னைப் பார்த்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நான் தலையாட்டிவிடுவேன் என்ற நிச்சயத்தோடு பார்த்தான். அந்த நிச்சயத்தைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவள் அழவில்லை. கெஞ்சவில்லை. தட்டிவிடப்பட்ட கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நேராக நின்றாள்.

"மாமா பக்கத்துலதான உக்காந்திருந்தாங்க. அவங்களே சொல்லட்டும்."

நண்பரும் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினால் போதும், மாடியில் நாள் குறித்துவிடுவார்கள். அதன்பிறகு அந்த வீட்டில் எது உடைந்தாலும், எது கெட்டாலும், உடைத்தவள் அவளாகத்தான் இருப்பாள்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். படகைக் கரைக்குத் திருப்பினோம். என்ஜின் பிடியை மறுபடியும் அவளே பிடித்தாள்.

மாடியில் யாரும் சாப்பிடவில்லை. நாளும் குறிக்கவில்லை.

பெண் வீட்டார் பையன் வீட்டாரை அவமானப்படுத்தி அனுப்பிவிட்டார்கள் என்று இப்போது ஊரில் பேச்சு. இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று படகுத்துறைக்காரர் நடு ஏரியிலேயே முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டாராம்.

தவறு. என் நண்பர் மரியாதை தெரிந்தவர். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"என்ஜினப் போட்டது என் மகன். உன் பொண்ண என் வீட்டுக்குக் குடுக்காத," என்று சொன்னவன் நான்.