பிள்ளைக்காம்பராவில் பால் குடித்த பிள்ளை

பிள்ளை பிறந்து மூன்று மாதமாகியும் தவமணிக்குப் பால் சுரக்கவில்லை. உடம்பில் தெம்பும் இல்லை.

"மூளைக்கு அடியில பட்டாணி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு, பிட்யூட்டரி. உன் ரத்தமே அதை எதிரின்னு நெனச்சு அழிச்சிடுச்சும்மா. இனிப் பால் வராது," என்று சொல்லிக் குளிசை கொடுத்தனுப்பினார் கண்டி டாக்டர்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கைப்பிள்ளைக்காரிகள் கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டு, பிள்ளைகளை விட்டிருக்கும் பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கிப் பால் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். தவமணி பால் போத்தலோடு போவாள். வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து, கடைசியாகத்தான் போய்ச் சேர்வாள்.

"மறுபடியும் எதுக்குடி வந்த?" என்றாள் ஒருநாள், அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் புஷ்பம். "இப்பத்தானே வயிறு முட்டக் குடுத்துட்டுப் போன."

பிள்ளையின் கடைவாயில் பால் வழிந்திருந்தது. போத்தலை அது சீண்டவில்லை.

மறுநாள் கங்காணியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு தவமணி முன்னதாகவே இறங்கினாள். உள்ளே, அவளுடைய சேலையும் அவளுடைய முகமுமாக, நன்றாகச் சதைபிடித்த ஒருத்தி உட்கார்ந்து பிள்ளைக்கு மார் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தவமணி வாசலில் நின்று கையை நீட்டினாள். பிள்ளை அவளைப் பார்த்து வீரிட்டது.

புஷ்பம் எழுந்து வந்து வாசலை மறித்தாள்.

"நீங்க எந்தத் தோட்டத்து ஆளும்மா? கொஞ்சம் தள்ளி நில்லுங்க, புள்ள பயப்படுது."