கேட்கத் தெரிந்த ஒரே கேள்வி

போனைக் காதில் வைத்ததுமே நசூனாவின் முழங்கால்கள் தானாக மடிந்து தரையைத் தொட்டன.

மணி அடித்துக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு அரபு ஊரில், அவள் பார்த்தேயிராத ஒரு வீட்டில்.

இங்கே அவள் இருந்தது ஒரு பொய் வீடு. தண்ணீர் வராத குழாய், எரியாத அடுப்பு, யாரும் உட்காரக் கூடாத ஒரு பெரிய சோபா. வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஆபீஸ் கட்டி வைத்தது. விமானம் ஏறப்போகும் கம்பாலாப் பெண்கள் இதில்தான் துடைக்கவும் பெருக்கவும் அரபி பேசவும் பழகினார்கள். இப்போது எல்லோரும் வெளியே மாமரத்தடியில் சோளக்களியும் பீன்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நசூனாவும் விமானம் ஏறத்தான் படிக்கிறாள் என்று ஆபீஸ் நம்பியது. அவளுக்கு எந்த விமானமும் வேண்டாம். இதே ஆபீஸ் அனுப்பி வைத்த தங்கை ரெஸ்டி வேண்டும்.

ரெஸ்டி எப்போதும் எஜமானியின் போனிலிருந்துதான் பேசுவாள். நோன்பு தொடங்கும் முன்பே அந்தப் பேச்சு நின்றுவிட்டது. பெருநாளும் முடிந்தது. பாடம் நடத்தும் ஹஜ்ஜாத்தி மதீனாவின் நகங்களில் பெருநாள் மருதாணி பாதி தேய்ந்தும் போய்விட்டது.

ஆபீசில் கேட்டால், நன்றாகத்தான் இருக்கிறாள், வேலை அதிகம் என்பார்கள். நசூனாவே கூப்பிட்டால் எஜமானி எடுப்பாள்; தாய்மொழியான லுகாண்டாவோ இங்கிலீஷோ காதில் விழுந்ததும் வைத்துவிடுவாள். பள்ளிவாசல் முன்னால் கடை போட்டிருக்கும் இத்ரீசா இரக்கப்பட்டு அரபியில் பேசிப் பார்த்தார். ஆண்குரல் கேட்டதும் இன்னும் வேகமாக வைத்தாள்.

அதனால்தான் சந்தையில் கூலிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவள், சீப்பையும் நாற்காலியையும் பக்கத்துக் கடையில் போட்டுவிட்டு அரபி படிக்க இந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

வாளி, கத்தி, கதவு, சாவி. போ, வா, திற, மூடு. எதற்கும் பதில் ஒன்றுதான்: ஹாதிர். இதோ ஆயிற்றம்மா என்று அர்த்தம். ‘எங்கே’ என்ற சொல்லும் வந்தது. ஆனால் அது எஜமானி கேட்பதற்கு. வாளி எங்கே? கத்தி எங்கே?

உறவுமுறைப் பாடம் வந்த அன்று நசூனா மனசுக்குள் இரண்டு சொல்லை ஒட்டவைத்துக்கொண்டாள். வேன் உக்தி? என் தங்கை எங்கே?

அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவும் பயம். ஹஜ்ஜாத்திக்குத் தெரிந்தால் ஆபீசுக்குத் தெரிந்த மாதிரி. “ஓடிப்போயிடலாம்னு மட்டும் கனவு காணாதீங்கடி. ஆபீஸ் தேடிப் பிடிச்சு அதே வீட்டு வாசல்ல விட்டுட்டுத்தான் மறுவேலை பாக்கும்,” என்று முதல் நாளே சொன்னவள் அவள்.

நலம் விசாரிக்கும்போது மண்டியிடும் அவர்கள் ஊர் வழக்கத்தைப் பற்றியும் சொல்லியிருந்தாள். “அங்க போய் மண்டி போட்டு நலம் விசாரிச்சுக்கிட்டு இருக்காதீங்க. மயக்கம் போட்டு விழுந்துட்டாளோன்னு மூஞ்சில தண்ணி அடிப்பாங்க.” வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நசூனாவும் சிரித்தாள். முழங்கால்களுக்குத்தான் அந்தப் பாடம் ஏறவில்லை.

மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். எஜமானியின் அதே குரல்.

கேள், வைத்துவிடுவாள், சீக்கிரம் கேள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் வீட்டையும் பிள்ளைகளையும் விசாரிக்காமல் ஒரு பெண்ணிடம் எடுத்த எடுப்பில் எப்படிக் கேட்பது?

“ஸலாம் அம்மா,” என்றாள் தட்டுத்தடுமாறிய அரபியில். “எப்படி இருக்கீங்க? வீடு எப்படி இருக்கு? பிள்ளைங்க எப்படி இருக்காங்க?”

வைக்கவில்லை.

அந்த வீட்டில் அவளை யாரும் அப்படி விசாரித்து வெகுநாள் ஆகியிருக்கும் போல.

“வேன் உக்தி?” என்றாள் நசூனா. “ரெஸ்டி. வேன் உக்தி?”

அங்கே ஒரு கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. பிறகு அந்தக் குரல் தணிந்து ஏதோ பேசியது. கொஞ்சம்தான். பின்னால் ஓர் ஆண் கூப்பிடுவது கேட்டது. போன் அணைந்தது.

“ரெஸ்டி பேரு காதுல விழுந்துச்சே.”

நசூனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசலில் ஹஜ்ஜாத்தி நின்றிருந்தாள். கையில் ஆபீஸ் போன். முகத்தில் சிரிப்பில்லை.

“என்ன சொன்னா அந்தம்மா?”

வாய் தானாகப் பேசியது.

“புரியல ஹஜ்ஜாத்தி. ரொம்ப வேகமாப் பேசிட்டாங்க. நான் இன்னும் வாளி, கத்தியையே தாண்டலியே.”

ஹஜ்ஜாத்தி அவளை உற்றுப் பார்த்தாள். அப்புறம்தான் சிரித்தாள்.

“அதானே பாத்தேன். நாலு வார்த்தை தெரிஞ்சதும் அம்மணி போன் போட்டு விசாரணை பண்ணக் கெளம்பிட்டா! எந்திரி, வகுப்புக்கு நேரமாச்சு.”

அவள் போன பிறகும் நசூனா மண்டியிட்டபடியே இருந்தாள்.

அந்தம்மா வேகமாகப் பேசவே இல்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நசூனாவுக்குத் தெரியாத சொல் அதில் ஒன்றுகூட இல்லை.

போ என்று அவளுக்குக் கதவை நான்தான் திறந்துவிட்டேன். நோன்புக்கு முன்னால். ஆபீசுக்குச் சொல்லாதே.

பிறகு அவளும் பயந்துபோய்க் கேட்டாள். உன் தங்கை இன்னுமா வீட்டுக்கு வரவில்லை?