தலைவலிக்கும் நாள்

சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் இசக்கிமுத்துவின் மூளை வீங்கிவிடாமலிருக்க, அங்குள்ள நட்சத்திர வடிவச் செல்களில் தண்ணீர் போய்வரும் வாசல்களை மருத்துவர்கள் அடைத்தார்கள். உயிர் தங்கியது. ஆனால் மூளை தன் அழுக்கைக் கழுவுவதும் அந்த வாசல்கள் வழியாகத்தான். அடைத்தே வைத்தால் பெற்ற பிள்ளையின் முகம்கூட மறந்துபோகிறது. திறந்தால் ஞாபகம் வருகிறது, கூடவே வீக்கமும் வலியும். திறக்கவும் அடைக்கவும் உதவும் கருவி மனைவி பேச்சிக்கனியிடம் இருக்கிறது.

பள்ளி ஆண்டு விழாவுக்குத் தலைபின்னிக்கொண்டிருந்த மகள் அழகிக்கு, அடுத்த அறையில் அப்பா முனகுவது கேட்டது.

"அம்மா, திறந்துட்டியா!" என்று பாதிப் பின்னலோடு ஓடினாள்.

அவர் தலையைப் பிடித்தபடி சுவரோரம் சுருண்டிருந்தார்.

"ரொம்ப வலிக்குதாப்பா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"ஆமா, அழகி..."

தன் பெயரைக் கேட்டதும் கைதட்டினாள். பேச்சிக்கனி பதறிப்போய்க் கருவியை எடுத்தாள்.

"அடைச்சிராதம்மா! இன்னும் கொஞ்ச நேரம் வலிக்கட்டும்."