கோணல் காஜா

"இந்தச் சட்டையைத் தைச்சது யாரு? கண்ணை மூடிக்கிட்டுத் தைச்சாங்களா?"

திரைக்கு உள்ளே இருந்து நர்ஸின் குரல் வராந்தா வரைக்கும் கேட்டது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தையல்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தைத்தவளே அவள்தானே!

அவள் தைத்துக் கொடுத்த சட்டையோடு உள்ளே படுத்திருப்பது அவள் மருமகள். மூன்று மாதக் கரு கலைந்துவிட்டது. மிச்சம் உள்ளே தங்கி ரத்தம் நிற்காமல் போக, காலையில்தான் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார்கள். மகன் மருந்துச் சீட்டோடு எங்கேயோ வரிசையில் நிற்கிறான்.

தையல்காரம்மாவுக்கும் ஒரு காலத்தில் இதே கதிதான். அப்போது முழு மயக்கம் கொடுத்து, கரண்டி போல ஒன்றை உள்ளே விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். பத்து நாள் படுக்கை.

"இப்போ சுரண்டறதில்லைம்மா. கைப்பம்பு மாதிரி ஒரு குழாயால உறிஞ்சி எடுத்துடுவோம். அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி. பத்து நிமிஷ வேலை, சாயந்திரம் வீட்டுக்குப் போயிடலாம்" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

அது சரி, முழித்துக்கொண்டே எப்படித் தாங்குவாள்? விரலில் முள் குத்தினாலே ஊரைக் கூட்டுகிற பெண் அவள்.

இந்த லட்சணத்தில் இந்த நர்ஸ் வேறு!

"பட்டன் காஜாவைப் பாரு. ஒண்ணு மேல போகுது, ஒண்ணு கீழ போகுது. உங்க அத்தைக்கு நூல் பிடிக்கவாவது தெரியுமா?"

"வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க சிஸ்டர்! எங்க அத்தைகிட்ட இருபது வருஷமா தைக்கிறவங்க இருக்காங்க!"

"பாவம், அவங்களுக்கு வேற கடை தெரியாது போல."

"அம்மா..." என்று ஒரு முனகல். உடனே மறுபடியும் மருமகள் குரல். "காலரைத் திருப்பிப் பாருங்க! ஒரு பிசிறு காட்டுங்க பார்ப்போம்!"

"காலர் கிடக்கட்டும். கை ரெண்டும் ஒரே நீளமா இருக்கா?"

தையல்காரம்மா கொதித்துப் போனாள். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுக் கிடக்கிறவளிடம் பேசுகிற பேச்சா இது?

"யாரு இந்தப் பொம்பளை?" என்றாள் பக்கத்திலிருந்தவளிடம்.

"வெடி சிஸ்டர். எப்பவும் இப்படித்தான். இன்னும் ஒரு புகார் வந்தா வேற ஊருக்குத் தூக்கி அடிச்சுடுவாங்களாம்."

"அந்தப் புண்ணியத்தை நானே கட்டிக்கறேன்!"

மேஜைமேல் இருந்த புகார் நோட்டை இழுத்தாள். நர்ஸுக்கு ஈவு இரக்கமே இல்லை என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

போட்டு நிமிர்ந்தால், திரை விலகி டாக்டரம்மா வந்தார். "நல்லபடியா முடிஞ்சுது. ரத்தமும் கட்டுப்பட்டுடுச்சு. ரெண்டு மணி நேரம் பார்த்துட்டு அனுப்பிடறோம்."

பின்னாலேயே சக்கர நாற்காலியில் மருமகள். முகம் வெளுத்திருந்தது. கண்ணில் மட்டும் அனல் பறந்தது.

"ரொம்ப வலிச்சுதா கண்ணு?"

"வலி கிடக்கட்டும் அத்தை! உங்க தையலைப் பத்தி அந்தம்மா என்ன பேச்சுப் பேசறாங்க! நானும் சும்மா விடல. நல்லா நாலு வார்த்தை திருப்பிக் கேட்டுக்கிட்டிருந்தேன், அதுக்குள்ள முடிஞ்சுதுன்னு எழுந்திருக்கச் சொல்லிட்டாங்க."

மருமகள் கத்தவில்லையே! பத்து நிமிஷமும் சண்டை அல்லவா போட்டிருக்கிறாள்!

நாற்காலி வார்டுக்குள் போனதும் வெடி சிஸ்டர் மெதுவாக வெளியே வந்தாள். இடது கை மணிக்கட்டில் ஐந்து விரலும் பதிந்து சிவந்திருந்தது.

"உங்க மருமக பிடிதான்" என்று சிரித்தாள். "மரத்துப்போற ஊசி முக்கால்வாசி வலியைத்தான் எடுக்கும்மா. பாக்கிக்கு வம்புதான் மருந்து."

தையல்காரம்மா புகார் நோட்டை மறுபடி இழுத்தாள். பேனாவை எடுத்து, எழுதியதைக் குறுக்கே அடித்தாள். அடித்ததற்கும் ஒரு கையெழுத்துப் போட்டாள். மனசு லேசாகிவிட்டது. ஆனாலும் தொழில்காரி அல்லவா? ஒரு உறுத்தல் போகவில்லை.

"மூணாவது காஜா கோணல்தான் சிஸ்டர். ஒத்துக்கறேன், கண்ணாடி மாத்தணும். ஆனா வம்பு வளர்க்க என் தலைதானா கிடைச்சுது? அவ புருஷனைத் திட்டியிருக்கலாமே? அவளைப் பெத்தவ இருக்காளே?"

"நானா யாரையும் எடுக்கறதில்லைம்மா. உள்ளே போறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் ஒண்ணு கேட்டுக்குவேன்: 'உலகத்துல யாரைக் குறை சொன்னா உனக்குத் தாங்காது?'ன்னு. இவ கொஞ்சம்கூட யோசிக்கல. 'எங்க அத்தையை'ன்னா."