பாதி மயக்கம்

கூண்டுக்குள் கிடந்த சிறுத்தையின் கழுத்தில் சுருக்குக் கம்பி சதைவரை இறங்கியிருந்தது. இளைத்த உடம்பு முழு மயக்க மருந்தைத் தாங்காதென்று, கால்நடை மருத்துவர் கோமளவல்லி பாதியளவு மருந்தோடு வைட்டமின் ஊசியும் போட்டிருந்தாள். வைட்டமின் சேர்ந்தால் மயக்கம் ஆழமாகும் என்பதை அவள் ஆடுகளிடம் மட்டுமே பார்த்திருக்கிறாள்.

கூண்டுக்குள் உட்கார்ந்து அவள் வெட்டிக்கொண்டிருந்த கம்பியில் ஓரிழை மிச்சமிருந்தபோது சிறுத்தையின் காது அசைந்தது.

"டாக்டரம்மா, முழிக்குது! வெளிய வந்துருங்க," என்றார் வாசலில் நின்ற வனக்காவலர் மாதன்.

"இப்ப விட்டா செத்துரும். கதவைச் சாத்துங்கண்ணே."

"நீங்க உள்ள இருக்கீங்களேம்மா!"

"அது வெளிய வந்துரக் கூடாதுல்ல. சாத்துங்க."

தாழ்ப்பாள் விழுந்தது. கோமளவல்லி கடைசி இழையை வெட்டினாள். கம்பி கையோடு வந்துவிட்டது. சிறுத்தை நீளமாக மூச்சுவிட்டது. அந்தச் சூடு அவள் மணிக்கட்டில் பட்டது. அதன் கண்களைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.